டெலிமார்க்: மதிப்பெண்ணா, ஊர்ப்பெயரா?

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக்கில், பனிச்சறுக்குப் பலகைகளோடு சறுக்கி வந்து பறந்து தாண்டும் ஸ்கீ ஜம்பிங் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வெகுதூரம் பறந்து இறங்கிய ஒரு வீரரைப் பற்றி, “டெலிமார்க் இல்லையே” என்று வர்ணனையாளர் வருந்தினார். அவரைவிடக் குறைந்த தூரம் தாண்டியவர் பட்டியலில் அவரை முந்திவிட்டார். டெலிமார்க் என்றால் தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்து நடுவர்கள் போடும் மார்க் என்று என் மகளுக்கு விளக்கம் சொன்னேன். ‘டெலிமார்க் ஸ்கீயிங்’ என்று தனியாகவே ஒரு விளையாட்டு உண்டு என்கிறாள் அவள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் ஊகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ‘டெலி’யும் ‘மார்க்’கும் தமிழர் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் ஆயிற்றே! இங்கே அவை இரண்டுக்கும் வேலையில்லை. டெலிமார்க் என்பது நார்வே நாட்டின் தென்பகுதியில் உள்ள ஒரு மலைநாட்டின் பெயர். அதில் வரும் ‘மார்க்’, டென்மார்க் என்ற பெயரில் இருக்கும் அதே பழைய சொல். எல்லைப்புறக் காட்டு நிலத்தைக் குறிப்பது.

அந்த மலைநாட்டில் மோர்கெடால் என்ற சிற்றூரில் 1825-இல் பிறந்தவர் சோன்ட்ரே நூர்ஹைம். அக்காலத்தில் காலணியின் முன்பகுதியை மட்டும் ஒரு வாரால் பலகையோடு பிணைத்துக்கொண்டு சறுக்குவதே பொது வழக்கம். சற்று வேகமாகத் திரும்பினாலோ தாண்டினாலோ பலகை காலை விட்டுக் கழன்றுபோகும். நூர்ஹைமும் அவருடைய ஊர்க்காரர்களும் முறுக்கிய மரக்கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார்கள். குதிகால் மேலெழும்பும் உரிமையை இழக்கவில்லை, பலகையும் கழலவில்லை. 1868-இல் அவர்கள் தலைநகரான கிறிஸ்டியானியாவுக்கு, அதாவது இன்றைய ஒஸ்லோவுக்கு வந்து போட்டியில் கலந்துகொண்டபோது, அவர்கள் திரும்பிய விதத்தையும் தாண்டி இறங்கிய விதத்தையும் நகரத்தார் வியந்து பார்த்தார்கள். அந்தப் பாணிக்கு அவர்களுடைய மலைநாட்டின் பெயரே நிலைத்துவிட்டது. (பின்னர் பரவிய வேறொரு திருப்பத்துக்குத் தலைநகரின் பெயரால் ‘கிறிஸ்டியானியா’ என்றே பெயர் வந்தது.)

இனி, சொல் குறிக்கும் பொருள். சரிவில் இறங்கும்போது ஒரு காலை முன்னே நகர்த்தி, பின்காலின் குதிகாலை உயர்த்தி, அந்த முழங்காலைப் பலகையை நோக்கித் தாழ்த்தித் திரும்புவது டெலிமார்க் திருப்பம். பார்ப்பதற்கு ஒருவர் பாதி மண்டியிட்டபடியே வழுக்கிச் செல்வது போல இருக்கும். முன்பின்னாக நிற்கும் இரு பலகைகளும் சேர்ந்து ஒரே நீண்ட வளைவைப் போலச் செயல்படும். குதிகாலையும் பலகையோடு இறுக்கும் பிணைப்புகள் 20-ஆம் நூற்றாண்டில் பரவியபோது இந்தத் திருப்பம் ஏறக்குறைய வழக்கொழிந்தது. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் சிலர் அதை மீட்டெடுத்தார்கள். உங்கள் மகள் குறிப்பிடும் டெலிமார்க் ஸ்கீயிங் இதுதான். அதற்கு உலகக் கோப்பைப் போட்டிகள் உண்டு. ஒலிம்பிக்கில் இடம் கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்ட வர்ணனை தரையிறங்குவதைப் பற்றியது. ஸ்கீ ஜம்பிங் வீரருடைய குதிகாலும் பலகையோடு இறுகக் கட்டப்படுவதில்லை என்பதால், அவர் பனியைத் தொடும் நொடியில் ஒரு காலை ஏறத்தாழ ஒரு பாத நீளம் முன்னே வைத்து, இரு முழங்கால்களையும் மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் விரித்து நிலைகொள்ள முடியும். இதற்குத்தான் டெலிமார்க் தரையிறக்கம் என்று பெயர். இரு கால்களையும் ஒன்றாக ஊன்றினால் முன்பக்கமோ பின்பக்கமோ சாயும் ஆபத்து அதிகம். எனவே இதை அழகுக்கான அலங்காரம் என்று மட்டும் கருதிவிடக் கூடாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐந்து நடுவர்கள் ஒவ்வொருவரும் 20 புள்ளிகள் வரை தரலாம். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு, எஞ்சிய மூன்றைக் கூட்டுவார்கள். டெலிமார்க் இல்லையென்றால் ஒவ்வொரு நடுவரும் புள்ளிகளைக் கழிக்க வேண்டும். ஆளுக்கு 2 புள்ளிகள் கழித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆகக் கணக்கில் சேரும் இழப்பு 6. தாண்டும் தூரத்துக்கும் புள்ளி உண்டு; ‘பெரிய குன்று’ எனப்படும் உயரமான தாண்டுதளத்தில் அது ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி என்பதால், மூன்று மீட்டருக்கும் மேலாகப் பறந்து ஈட்டியது அந்த ஒரு நொடியில் பறிபோய்விடும். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மிகத் தொலைவில் இறங்குபவர் சரிவு சமதளமாக மாறத் தொடங்கும் இடத்துக்கு வந்துவிடுவதால், தரை அவரைக் கடுமையாக எதிர்க்கும். அந்த அழுத்தத்தில் காலை முன்னே நகர்த்துவது பெரும்பாடு. நீண்ட தூரம் தாண்டியவர்களே பெரும்பாலும் இரு காலாலும் ‘தொப்’பென்று இறங்குவதற்கு இதுவே காரணம். நீங்கள் பார்த்த வீரருக்கும் அதுதான் நேர்ந்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது இச்சொல்லை மொழிபெயர்க்க வேண்டியதில்லை; ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் ‘டெலிமார்க் திருப்பம்’, ‘டெலிமார்க் தரையிறக்கம்’ என்று பிரித்து எழுதினால் குழப்பம் வராது. டெலிமார்க் பந்தயங்களில் இரண்டுமே தேவைப்படும்: வழியில் ஒரு தாண்டல் வரும், அதிலிருந்து டெலிமார்க் நிலையில் இறங்காதவருக்கும், வளைவுகளில் டெலிமார்க் திருப்பம் செய்யாதவருக்கும் ஓட்ட நேரத்தோடு தண்டனை நொடிகள் கூட்டப்படும். ஸ்கீ ஜம்பிங்கைப் போல நடுவர் போடும் மார்க் அங்கே கிடையாது என்பதை மகளிடம் சொல்லிவிடுங்கள்.