வெள்ளைக்கு அடியில் சன்பர்ஸ்ட் தெரிந்தால் உரித்துவிடலாமா?

கேள்வி: பெரியப்பா வைத்திருந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. 1966ஆம் ஆண்டுக் கிட்டார் என்று அவர் சொல்வார். வெள்ளை பெயிண்ட் மஞ்சளடித்து, உடம்பெல்லாம் நூல்நூலாக வெடித்திருக்கிறது. முழங்கை படும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து, அடியில் சன்பர்ஸ்ட், அதாவது நடுவில் மஞ்சளாக ஆரம்பித்து ஓரத்துக்குப் போகப்போகச் சிவப்பும் கறுப்புமாக மாறும் பூச்சு, தெரிகிறது. பழைய கிட்டார் வாங்கி விற்கும் ஒருவர் பார்த்துவிட்டு, "இந்த வெள்ளை யாரோ பிற்பாடு அடித்தது. உரித்து சன்பர்ஸ்டைக் கொண்டுவந்தால்தான் மதிப்பு. இல்லையென்றால் குறைந்த விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். பொழுதுபோக்காக நானே உரித்துப் பூசலாம் என்று இருக்கிறேன். எந்த நம்பர் உப்புத்தாளில் ஆரம்பிப்பது?

பதில்: எந்த நம்பரிலும் ஆரம்பிக்க வேண்டாம். உப்புத்தாளை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

அந்த வியாபாரி சொன்னதில் ஒரு பாதி உண்மை. அடியில் வேறு நிறம் தெரிந்தால் மேலே இருப்பது பிற்பாடு பூசியது என்பது பெரும்பாலான கிட்டார்களுக்குச் சரி. ஆனால் அந்தக் கால ஃபெண்டருக்கு அது அப்படியே பொருந்தாது. அப்போது அவர்களுடைய வழக்கமான நிறம் சன்பர்ஸ்ட். வெள்ளை, சிவப்பு, நீலம் போன்றவை கேட்டால்தான் கிடைக்கும், அதற்கு விலையில் 5 சதவீதம் கூடுதல். அந்த நிறங்கள் கார்களுக்கு அடிக்கும் ட்யூபான்ட் பெயிண்டுகள். இப்படி ஓர் ஆர்டர் வந்ததும் புதிதாக ஒரு உடம்பை எடுத்து முதலிலிருந்து பூச வேண்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சன்பர்ஸ்ட் அடித்துத் தயாராக இருந்த உடம்பின்மேலேயே, சில சமயம் சன்பர்ஸ்ட் சரியாக வராத உடம்பின்மேலேயே, கேட்ட நிறத்தை அடித்து அனுப்பினார்கள். ஆக, வெள்ளைக்கு அடியில் சன்பர்ஸ்ட் இருப்பது தொழிற்சாலை வேலையாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் உரிக்கப்போவது இந்தக் கிட்டாரின் விலையுயர்ந்த பகுதியைத்தான். அசல் பெயிண்ட் போனால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கிட்டார் சந்தையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அபூர்வ நிறமென்றால் இழப்பு அதைவிடக் கூடும்.

இதை நான் இவ்வளவு இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "அடியில் சன்பர்ஸ்ட் இருக்கிறதே, இது ரீபெயிண்ட்தான்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்குவதும், அதே கிட்டாரை அடுத்த மாதம் "தொழிற்சாலையிலேயே கேட்டு அடித்த கஸ்டம் கலர், அடியில் சன்பர்ஸ்ட் இருப்பதே அத்தாட்சி" என்று விற்பதும் இந்தத் தொழிலில் பழைய வித்தை. உங்களைப் பார்க்க வந்தவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறை சொல்கிறவரே வாங்கவும் தயாராக இருந்தால், அவர் சொல்லும் குறையை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். பின்பக்கத் தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி எடுத்தால் நெக், அதாவது தந்திகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி, தனியாக வந்துவிடும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் மெல்ல ஆட்டுங்கள், நெம்பாதீர்கள். நெம்பினால் ஓரத்துப் பெயிண்ட் சில்லாகப் பெயரும். இப்போது நெக் உட்கார்ந்திருந்த குழியைப் பாருங்கள். 1960களின் நடுவில் அந்தக் குழிக்குள் ஒரு குச்சியை ஸ்க்ரூ போட்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்ப்ரே அடித்தார்கள். குச்சி மூடியிருந்த இடத்தில் நிறம் ஏறியிருக்காது. நீளவாக்கில் ஒரு பட்டையாக மஞ்சள் அடிப்பூச்சோ வெறும் மரமோ தெரியும். அந்தப் பட்டை மேல் வெள்ளை இல்லாமல் இருந்தால் நல்ல சகுனம். குழி முழுக்க வெள்ளை ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படலாம்.

அப்புறம் பிக்கார்டை, அதாவது தந்திகளுக்கு அடியில் உடம்பை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி ஸ்க்ரூ ஓட்டைகளைப் பாருங்கள். அந்த ஓட்டைகள் பெயிண்ட் காய்ந்த பிறகு போட்டவை. ஓட்டைக்குள் வெள்ளை இறங்கி உறைந்திருந்தால் அது பின்னாளில் வந்த வெள்ளை. உடம்பின் முன்பக்கத்தில் சின்ன ஆணித் துளைகள் இல்லையே, அப்படியானால் போலி என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். பெயிண்ட் காய வைக்க ஆணி அடித்த வழக்கம் 1964 வாக்கிலேயே நின்றுவிட்டது.

மூன்றாவது சோதனைக்கு அசிட்டோன் வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு நனைத்து, குழிக்குள் மட்டும், வெள்ளை இருக்கும் ஒரு மூலையில் தொடுங்கள். அந்தக் காலத்து லாக்கராக, அதாவது காய்ந்த பிறகும் தின்னரில் கரையும் பூச்சாக இருந்தால் இளகிப் பிசுபிசுக்கும், பஞ்சில் நிறம் ஏறும். அசையாமல் கிடந்தால் அது பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோ, கரையாத கெட்டிப் பூச்சுகள். ஃபெண்டர் பாலியெஸ்டருக்கு மாறியது 1960களின் கடைசியில்தான். எனவே 1966 உடம்பில் இளகாத வெள்ளை இருந்தால் அது வேறொருவர் கைவேலை. இளகினால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பிற்பாடு அடித்தவரும் லாக்கரே அடித்திருக்கலாம். பிக்கார்ட், நாப் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகவே கூடாது. பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

வருடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்பக்கத் தகட்டில் அடித்திருக்கும் எண்ணை வைத்து வருடம் சொல்பவரை நான் மதிப்பதில்லை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் யாரும் தகட்டை மாற்றலாம். நெக்கின் அடிப்பகுதியில் மை முத்திரை இருக்கும். அதன் முதல் எண்ணைத் தேதி என்று படிப்பார்கள். ஆனால் அது மாடல் குறியீடு. நடுவில் மாதமும் வருடமும் இருக்கும், கடைசி எழுத்து நெக்கின் அகலம். வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் முதுகிலும் ஒரு எண் அடித்திருக்கும். அதில் 137 என்றோ 304 என்றோ ஆரம்பித்து அடுத்த இரண்டு இலக்கம் 66 என்று வந்தால், அந்தக் கண்ட்ரோல் 1966இல் செய்தது, அவ்வளவுதான். அந்த வருடம் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டது. 1969 கிட்டாரிலும் 66 கண்ட்ரோல் கிடைக்கும்.

இதற்கெல்லாம் ஒழுங்கான ஏடு இருந்திருந்தால் இந்த அக்கப்போரே வேண்டாம். எந்த எண் எந்த நாளில் எந்த நிறத்தில் வெளியே போனது என்று தேடினால் கிடைப்பதில்லை. அந்த ஓட்டையில்தான் சான்றிதழ் கொடுப்பவர்கள் பிழைக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு "அசலாக இருக்க வாய்ப்புண்டு" என்று ஒரு தாளில் எழுதித் தருவார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது அதில் இருக்காது. முத்திரை, குழி, சால்டர் புள்ளிகள் (உள்ளே ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்த இடங்கள்) ஆகியவற்றின் படத்தோடு காரணம் எழுதாத தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நாட்டுக்கு வெளியே விற்கிற எண்ணம் இருந்தால் இன்னொரு தலைவலியும் காத்திருக்கிறது. ஃப்ரெட் பலகை (நெக்கின் மேல் விரல் அழுத்தும் மரப்பலகை) பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால், 1992 முதல் அது, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. அந்த மரம் காப்பாற்றப்பட வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. 1960களின் நடுவில்தான் ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அலுவலர் படிவத்தைப் பார்த்து முழிப்பதும், நீங்கள் மாதக்கணக்கில் காத்திருப்பதும் எந்த மரத்தைக் காப்பாற்றுகிறது என்பதுதான் புரியவில்லை.

வெள்ளை பிற்பாடு அடித்ததுதான் என்று உறுதியானாலும் உரிப்பது அவசர வேலை இல்லை. மேலே லாக்கர், அடியிலும் லாக்கர் என்றால் தின்னர் இரண்டையும் சேர்த்தே கரைக்கும். சூடு காட்டினாலும் அப்படித்தான். வெள்ளையை மட்டும் பிளேடால் சுரண்டி சன்பர்ஸ்டை மீட்பவர்கள் இருக்கிறார்கள். விரல் நகமளவு இடத்துக்கு ஒரு மாலை போகும் வேலை அது, முதல் முயற்சிக்கு இந்தக் கிட்டார் வேண்டாம். முழு உடம்பையும் பூசிப் பழக ஆசை இருந்தால் பேர் தெரியாத ஒரு பழைய கிட்டாரை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். லாக்கர் புகை குப்பென்று பற்றும், அடுப்போ ஹீட்டரோ இருக்கும் இடத்தில் அடிக்கக் கூடாது. இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் கார் பெயிண்ட் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம், அதன் கெட்டிப்படுத்தும் திரவத்தில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பாழாக்கும்.

இந்தக் கிட்டாரில் உங்கள் கைக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. மேலே படிந்த அழுக்கை நாஃப்தா (லைட்டரில் ஊற்றும் திரவம் போன்றது) தொட்ட மெல்லிய துணியால் எடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். சிலிக்கோன் கலந்த பாலிஷ் வேண்டாம், பின்னால் யார் பெயிண்டைச் சரிசெய்தாலும் பொட்டுப்பொட்டாகக் குழி விழும். கண்ட்ரோலைத் திருப்பும்போது கரகரத்தால் புதிது மாற்றாமல் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துமுறை திருப்புங்கள். பழைய சால்டரை உருக்காதீர்கள், தொடாத சால்டரும் ஒரு அத்தாட்சி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பின் செம்புக் கம்பி தலைமுடி கனம்தான், அறுந்தால் மறுபடி சுற்றித்தான் ஆக வேண்டும். நெக் வளைந்திருந்தால் அடிப்பக்கம் தெரியும் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். நூல் வெடிப்புகளை நிரப்பவே வேண்டாம், அவை லாக்கர் வயதானதன் அடையாளம். ரப்பர் ஸ்டாண்டில் சாய்த்து வைக்காதீர்கள், ரப்பர் பட்ட இடத்தில் லாக்கர் இளகி ஒட்டிக்கொள்ளும்.

முதலில் நெக்கைக் கழற்றி முத்திரை, குழி, கண்ட்ரோல் எண்கள், சால்டர் புள்ளிகள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். எந்த ரிப்பேர் கடையில் விட்டாலும் திரும்பி வந்ததும் அந்தப் படங்களோடு ஒப்பிடுங்கள், பிக்அப்பும் கண்ட்ரோலும் மாறி வருவது புதிதல்ல. கழற்றிய ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தாலும் தூக்கிப் போடாமல் எது எங்கிருந்து வந்தது என்று எழுதிய உறைகளில் போட்டு வையுங்கள்.