சான்றிதழ் வாங்கிய தொழிற்சாலை

கேள்வி: பெரிய கம்பெனிகள் எல்லாமே மனித உரிமைக் கொள்கை வைத்திருக்கின்றன. பல நாடுகளில் இருக்கும் சப்ளையர்கள் அதன்படி நடக்கிறார்களா என்று எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? சான்றிதழ் இருக்கும் தொழிற்சாலையை நம்பலாமா?
– ஒரு வாசகர்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ப முடியாது.

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்று ஓர் ஆடைத் தொழிற்சாலை. 2012 ஆகஸ்டில் அதற்கு எஸ்.ஏ.8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த மாதம் 11-ம் தேதி தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பல ஆண்டு கழித்து நீதிமன்றம் சொன்னது. சரி, வைத்தவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் ஜன்னல்களில் கம்பி போட்டதும் வெளியேறும் கதவுகளைப் பூட்டி வைத்ததும் அவர்கள் வேலை இல்லையே. அந்தக் கம்பிகள் இருக்கும்போதே அல்லவா சான்றிதழ் கொடுத்தார்கள்?

தொழிலாளர் நிலையை வெளியாள் வந்து சோதிக்கும் சோஷியல் ஆடிட் எப்படி நடக்கிறது என்று தையல் கூடங்களில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரப்போகும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். சம்பளக் கணக்கு இரண்டு நோட்டில் இருக்கும். ஆடிட்டருக்குக் காட்டுவது ஒன்று, ஓவர்டைம் உண்மையாக ஏறியிருப்பது இன்னொன்று. அன்று கான்ட்ராக்ட் ஆட்களுக்கு லீவு. தொழிலாளியைத் தனியாகப் பேட்டி எடுப்பதாகச் சொல்வார்கள். யார் உள்ளே போனார், எத்தனை நிமிடம் இருந்தார் என்று சூப்பர்வைசர் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆடிட்டருக்குப் பல சமயம் பணம் கொடுப்பதே அந்தத் தொழிற்சாலைதான். இப்படி எழுதி வாங்கிய அறிக்கைதான் கடல் தாண்டிப் போய், கம்பெனியின் வருடாந்திர அறிக்கையில் சிரித்த முகங்களின் படத்தோடு அச்சாகிறது. அந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். இன்னும் வருகிறது.

2013 ஏப்ரல் 24, டாக்காவை ஒட்டிய சாவரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. மேல்தளங்களில் தைப்பவர்களை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். வராவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டினார்கள். அந்த ஆலைகளில் சோஷியல் ஆடிட் முடித்தவையும் இருந்தன. கட்டடம் தாங்குமா என்பது ஆடிட்டில் வராது. தொழிற்சங்கம் அங்கே ஓர் ஆலையிலும் கிடையாது. ‘நாங்கள் ஏற மாட்டோம்’ என்று சேர்ந்து சொல்ல ஓர் அமைப்பு இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

இனி, எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற உங்கள் கேள்வி. மனித உரிமையைக் கவனிக்க ஒரு துறை இருக்கும். ஆர்டர் கொடுப்பது இன்னொரு துறை. முதல் துறை ‘வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே’ என்று கடிதம் அனுப்பும். இரண்டாவது துறை, பீஸுக்கு இன்னும் நாலு காசு குறை, டிசைனை மாற்றியிருக்கிறோம், ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறாது என்று போன் பண்ணும். சப்ளையர் எந்தப் பேச்சைக் கேட்பார்? ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஜான் ரகி தலைமையில் உருவாகி 2011-ல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட, கம்பெனிகளின் மனித உரிமைப் பொறுப்பு பற்றிய வழிகாட்டு நெறிகளுக்கு ஒரு விளக்கக் கையேடு இருக்கிறது. விலையையும் கெடுவையும் மாற்றாமல் கடைசி நேரத்தில் ஆர்டரை மட்டும் மாற்றினால், அங்கே நடக்கும் மீறலில் வாங்குகிற கம்பெனிக்கும் பங்குண்டு என்று அது உதாரணத்தோடு சொல்கிறது. ஆடிட் படிவத்தை முதலில், ஆர்டர் கொடுக்கும் துறையின் மேசையில் வைத்து நிரப்பச் சொல்ல வேண்டும் என்பேன் நான்.

சப்ளையர்களிடம் நடப்பதைக் கவனிக்கும் கடமையைக் கம்பெனி மேல் சுமத்தும் சட்டங்களும் வந்திருக்கின்றன. பிரான்ஸ் 2017-ல் போட்டது, ஜெர்மனியில் 2023-ல் அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்ததை அடுத்த ஆண்டே சுருக்கத் தொடங்கியது. வேலை நடந்தது வேறு இடத்தில். ராணா பிளாசாவுக்குப் பின் 200-க்கு மேற்பட்ட பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு வங்கதேச ஆலைகளின் கட்டட, தீ பாதுகாப்புக்காக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது வெறும் வாக்குறுதி இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இன்ஜினியர்கள் 1,600-க்கு மேற்பட்ட ஆலைகளுக்குள் போனார்கள், அறிக்கைகளைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள், பூட்டுப் போடக்கூடிய கதவுகளைக் கழற்ற வைத்தார்கள். சொன்னபடி செய்யவில்லை என்று இரண்டு பிராண்டுகளைத் தொழிற்சங்கங்கள் தி ஹேக் நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. அதில் ஒன்று 23 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

‘கடையில் வாங்குகிறவர்கள் யோசித்து வாங்கினால் போதும்’ என்று இதற்கும் கடிதம் வரும். போன முறையும் வந்தது. அவர்களுக்கு ஃபுளோரிடாவின் இம்மோகலியைச் சொல்கிறேன். அங்கே தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் 2001-ல் அந்தத் தக்காளியை வாங்கும் டாக்கோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடக் கொடு என்பது முக்கியமான கோரிக்கை. நான்கு ஆண்டு இழுத்து 2005-ல் கம்பெனி இறங்கி வந்தது. வாங்குகிறவர்கள் துணை நின்றார்கள், உண்மைதான். எதைக் கேட்பது என்று முடிவு செய்தது பறிக்கிறவர்கள். பின்னால் வந்த விதிமுறையில், வாளியின் விளிம்புக்கு மேல் தக்காளியைக் குவிக்கச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி சேர்ந்தது. 32 பவுண்டு வாளிக்குத்தான் கூலி. மேலே குவித்தது அத்தனையும் சும்மா பறித்துக் கொடுத்தது. வெளியிலிருந்து வரும் ஆடிட்டருக்கு அது நிறைந்த வாளியாகத்தான் தெரிந்திருக்கும். தூக்கியவர்கள் சொன்னதால் அது விதியில் ஏறியது.