பரங்கி அழுகியது, வள்ளி வேகவில்லை, கேரட் கசந்தது: ஒரே அறை செய்த வேலை

கேள்வி: அரை ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் காய்கறி போடுகிறேன். போன இலையுதிர் காலத்தில், உறைபனி வரப்போகிறது என்றதும் இரண்டே நாளில் எல்லாவற்றையும் பறித்து, கழுவி, 5 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும் கிடங்கு அறையில் அடுக்கினேன். பரங்கிக்காய்கள் ஒரு மாதத்துக்குள் காம்புப் பக்கம் அழுகின. சர்க்கரைவள்ளி எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டையாகவே நின்றது. கேரட் கசந்தது. கூடவே வைத்த ஆப்பிள் மட்டும் நன்றாக இருந்தது. இந்த முறை எதை முதலில் எடுப்பது, எதை எங்கே வைப்பது? பழுக்காத தக்காளியை என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொன்ன அறிகுறிகளே காரணத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. உங்கள் விளைச்சலில் குறையில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பறித்து ஒரே அறையில் போட்டதுதான் பிரச்சினை. அந்த 5 டிகிரி ஆப்பிளுக்கு ஒத்துக்கொண்டது. பரங்கிக்கும் வள்ளிக்கும் ஆகவில்லை. கேரட்டுக்குக் குளிர் பிரச்சினையே இல்லை, பக்கத்தில் இருந்த ஆப்பிள்தான் பிரச்சினை.

முதலில் அறுவடை வரிசை. எது முற்றிவிட்டது என்று மட்டும் பார்க்காமல், எது குளிருக்குத் தாங்காது என்று பாருங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரி எல்லாம் ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். பரங்கியும் வள்ளியும் அதே கூட்டம்தான். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் அப்படியில்லை. குளிர் ஏற ஏற கேரட் தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். லேசான பனி பட்ட பிறகு எடுத்தால் இன்னும் இனிக்கும். அவசரப்பட்டு அதைப் பிடுங்கியது வீண் வேலை. மேலே ஒரு அடி கனத்துக்கு வைக்கோல் போட்டு மூடிவைத்தால், மண் கல்லாக உறைவதற்குள் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பரங்கிக்கு வருவோம். தோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் அது இன்னும் இளசு; சமைத்துச் சாப்பிடலாம், சேமிக்க முடியாது. நகம் வழுக்கி, காம்பும் கட்டைபோலக் காய்ந்து நிறம் மாறியிருந்தால் பறிக்கலாம். கையால் திருகாமல் கத்தரிக்கோலால் வெட்டி, 5 முதல் 10 சென்டிமீட்டர் காம்பைக் காயோடு விடுங்கள். அந்தக் காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. எல்லோரும் அதைக் கைப்பிடி என்றே நினைக்கிறார்கள்! காயின் எடையில் காம்பு அடியோடு விரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு விழுந்தால் போதும், பூஞ்சை அங்கிருந்து உள்ளே இறங்கும். உங்கள் காய்கள் காம்புப் பக்கமாக அழுகியதற்கு இதுவும், கழுவிய ஈரம் அங்கே தேங்கியதும்தான் காரணமாக இருக்கும். கழுவ வேண்டாம், மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பறித்ததும் நேராகக் குளிர் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். 27 முதல் 29 டிகிரி வெப்பமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் சுமார் 10 நாள் வைத்தால் தோல் கெட்டிப்படும், சிறு கீறல்கள் ஆறும். வெயில் நாளாக இருந்தால் தோட்டத்திலேயே வைக்கலாம், இரவில் மூடவேண்டும். அப்புறம் 10 முதல் 13 டிகிரியில், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் ஒற்றை வரிசையாக. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் குளிர்ச் சேதம் வந்து அழுகல் வேகமாகும். ஏகார்ன் என்ற சிறிய கரும்பச்சை ரகம் இருந்தால் அதை மட்டும் வெப்பத்தில் வைக்காதீர்கள், அதன் ஆயுள் குறைந்துவிடும்.

சர்க்கரைவள்ளி இன்னும் செல்லம். மண்ணின் வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே தோண்டிவிடுங்கள். பனியில் கொடி கறுத்துப்போனால் அன்றைக்கே கொடியை அறுத்தெறியுங்கள். விட்டால் அழுகல் கொடி வழியாகக் கிழங்குக்கு இறங்கும். தோண்டிய கிழங்கின் தோல் விரல் பட்டாலே உரியும், அதனால் கூடையில் எறியாமல் வையுங்கள். கழுவாமல், 29 டிகிரி வெப்பத்தில், நல்ல ஈரக்காற்றில் ஒரு வாரம் வைத்தால் காயங்களின் மேல் புதுத் தோல் படரும், இனிப்பும் கூடும். வீட்டில் ஹீட்டர் உள்ள சின்ன அறையில் ஒரு வாளி தண்ணீரும் வைத்தால் கிட்டத்தட்ட அந்தச் சூழல் வந்துவிடும். பிறகு 13 முதல் 15 டிகிரி. அதற்குக் கீழே போனால் கிழங்கின் நடுப்பகுதி இறுகி, எத்தனை விசில் விட்டாலும் வேகாது. போன வருடம் நடந்தது இதுதான்.

கேரட் கசந்தது ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால். அந்த வாயு பட்டால் கேரட்டில் ஐசோகூமரின் என்ற கசப்புப் பொருள் உண்டாகும். ஆப்பிளை வேறு அறைக்கு மாற்றுங்கள், சும்மா தள்ளிவைத்தால் போதாது. கேரட்டின் தழையைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் புதைத்து, 0 டிகிரிக்குச் சற்று மேலே வையுங்கள். பீட்ரூட்டுக்கும் இதுவே.

வெங்காயமும் உருளையும் இருந்தால் ஒரு வார்த்தை: வெங்காயத்தின் தாள் பாதிக்கு மேல் சாய்ந்ததும் எடுத்து, கழுத்து முழுக்கக் காயும்வரை இரண்டு மூன்று வாரம் நிழலில் உலர்த்துங்கள். உருளையைச் செடி காய்ந்த பிறகு இரண்டு வாரம் மண்ணிலேயே விட்டு எடுத்து, இருட்டில் வையுங்கள்.

தக்காளி. பச்சையாக இருப்பதெல்லாம் பழுக்காது. ஒரே அளவுள்ள காய்களில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் கட்டி, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் வழுக்கினால் அந்த அளவுக் காய்கள் பழுக்கும். விதை வெட்டுப்பட்டால் ஊறுகாய்க்குத்தான். பழுக்கக்கூடியதைக் காகிதம் விரித்த பெட்டியில் 15 முதல் 20 டிகிரியில் வையுங்கள். வெளிச்சம் தேவையில்லை, அதனால் ஜன்னலோரத்தில் அடுக்குவதில் பயனில்லை. சீக்கிரம் பழுக்க வேண்டுமா? கேரட் அறையிலிருந்து விரட்டிய ஆப்பிளில் ஒன்றை இந்தப் பெட்டிக்குள் போடுங்கள்.

இத்தனை வெப்பநிலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உண்மையில் வெங்காயத்தையும் ஆப்பிளையும் தவிர மற்றதற்கு இரண்டு இடம் போதும். ஹீட்டர் போடாத படுக்கையறைக் கட்டிலடி பரங்கிக்கும் வள்ளிக்கும். 13 டிகிரியில் பிடித்துவைத்தால் இரண்டுமே ஒத்துப்போகும். உங்கள் கிடங்கு அறை கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், உருளைக்கு. வெங்காயத்தை அந்த அறையின் ஈரத்தில் வைக்காமல் வலைப்பையில் காற்றாட, குளிரான உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, மெத்தென்று அமுங்குவதை முதலில் சமையலுக்கு எடுங்கள். அழுக ஆரம்பித்தது என்றால் அன்றைக்கே வெளியே போடுங்கள்.