படகு மெத்தையின் அடியில் ஈரமா? பிளாஸ்டிக் விரிக்காதே தம்பி

தம்பி, லண்டன் கால்வாய்ப் படகில் குடியேறிய முதல் குளிரிலேயே மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது, படகு ஒழுகுகிறதா, தண்டையார்பேட்டையிலிருந்து அம்மா சொல்வதுபோல் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். விரிக்காதே. அம்மா சொல்வது நம் ஊருக்குச் சரி, மழைக்காலத்தில் அங்கே ஈரம் தரையிலிருந்து ஏறும், பாய்க்கு அடியில் ஷீட் போட்டால் தடுக்கும். இங்கே தண்ணீர் உன் உடம்பிலிருந்து வருகிறது. நீ படுக்கிற இடம் மட்டும் நனைந்திருந்தால் அது ஒழுகல் இல்லை.

ராத்திரி முழுக்க வேர்வை ஆவியாகி மெத்தைக்குள் இறங்குகிறது. கீழே பிளைவுட் பலகை, அதற்கும் கீழே படகின் இரும்பு, அதைத் தொட்டபடி கால்வாயின் குளிர்ந்த தண்ணீர். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கோலி சோடா பாட்டில் வேர்ப்பது மாதிரிதான் அந்தப் பலகையும் வேர்க்கிறது. காசிமேட்டுக் காற்றில் இதைவிட ஈரம் அதிகம், ஆனால் நம் வீட்டுச் சுவரும் கட்டிலும் அவ்வளவு குளிர்வதில்லை, அதனால்தான் அங்கே இந்தத் தொல்லையை நாம் பார்த்ததே இல்லை. ஷீட் போட்டாலும் அதன் மேலேயே தண்ணீர் கோத்து மெத்தை ஊறும்.

மெத்தைக்கு அடியில் காற்று ஓட வேண்டும், அவ்வளவுதான். பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட மரச்சட்டம் நல்லது. வாடகைப் படகு, ஓனர் சம்மதிக்கவில்லை என்றால், படகுச் சாமான் கடையில் மெத்தைக்கு அடியில் போடுவதற்கென்றே விறைப்பான வலை விரிப்பு விற்கிறார்கள், அதை வாங்கிப் போடு, ஓரங்களைப் போர்வையால் மூடிவிடாதே. மெத்தை படகின் பக்கச் சுவரில் ஒட்டக் கூடாது. காலையில் எழுந்ததும் அதைச் சாய்த்து நிறுத்தி அடிப்பக்கம் உலரவிடு, இதற்குச் செலவே இல்லை.

அப்புறம் சமையல். ஒரு கிலோ புரொப்பேன் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் படகுக்குள்ளேயே சேரும், சோறும் ரசமும் கொதிக்கிற ஆவி தனி. மூடி போட்டுச் சமை, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, துணியை உள்ளே காயப்போடாதே. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குவதாக இருந்தால் டெசிகன்ட் வகையாகப் பார், அது ஈரத்தை இழுக்கும் பொருளை வைத்து வேலை செய்யும்; ஃப்ரிட்ஜ் மாதிரிக் குளிரவைத்து ஈரம் எடுக்கும் கம்ப்ரஸர் வகை குளிரில் திணறும்.

ஒன்று மட்டும் கட்டாயம் கேள். குளிருகிறதே என்று படகின் காற்றுத் துவாரங்களில் துணி அடைக்காதே. விறகு அடுப்பும் கேஸும் எரிகிற இடம், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்தால் வாசனையே வராது, தூக்கத்திலேயே உயிர் போகும். அதைக் கண்டுபிடித்து எழுப்பும் அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி மாட்டு, மெத்தையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.