குளிர்பான ஆலையும் ஊர்க் கிணறும்

வணக்கம் ஐயா,

தென்மாவட்டம் ஒன்றில் இயங்கும் குளிர்பான ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளாக எங்கள் நிர்வாகம் நீர்ச் சிக்கனத்தில் மிகுந்த அக்கறை காட்டி வருகிறது. ஒரு லிட்டர் பானத்துக்கு எத்தனை லிட்டர் நீர் செலவாகிறது என்ற விகிதத்தை மாதந்தோறும் பலகையில் எழுதுகிறோம். அது குறைந்துகொண்டே வருகிறது. அருகிலுள்ள கிராமத்தில் ஒரு கண்மாயையும் தூர்வாரிக் கொடுத்தோம். ஆயினும் ஊர்க்காரர்கள் எங்களைத் தண்ணீரை உறிஞ்ச வந்தவர்களாகவே பார்க்கிறார்கள். கேரளத்தில் மக்கள் போராட்டத்தால் கொக்கோகோலா ஆலை நின்றுபோன பிளாச்சிமடாவைச் சொல்லித்தான் எங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள். தண்ணீரை வைத்தே பிழைக்கும் ஒரு நிறுவனம் தண்ணீரை உண்மையாக மதிக்க முடியுமா? முடியும் என்றால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் நீங்கள் பலகையில் எழுதும் விகிதம் அதற்குச் சான்றாகாது. ஆலைக்குள் நீர் எவ்வளவு திறமையாகக் கையாளப்படுகிறது என்பதை அது சொல்லும். ஆலைக்கு வெளியே நீர் எஞ்சியிருக்கிறதா என்பதை அது சொல்லாது. விகிதம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்த அதே காலத்தில் உற்பத்தி இரு மடங்காகியிருந்தால், பலகையில் அது வெற்றியாகத் தெரியும். நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீரோ முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். ஊர்க்காரர்கள் உங்கள் பலகையைப் பார்ப்பதில்லை. தங்கள் கிணற்றைத்தான் பார்க்கிறார்கள்.

ஆலைக்குள் நீங்கள் செய்துவரும் வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கண்ணாடிப் பாட்டில்களைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி, பிறகு பலமுறை அலசும்போது, கடைசி அலசலில் வெளிவரும் ஏறத்தாழத் தூய்மையான நீரை அடுத்த தொகுதியின் முதல் அலசலுக்குத் திருப்புவது. புதிய பெட் பாட்டில்களை நீருக்குப் பதிலாக அயனியேற்றிய காற்றால் சுத்தம் செய்வது. கன்வேயரில் சோப்பு நீர் வழிந்தோடாதபடி உலர் மசகுக்கு மாறுவது. மணம் குறைந்த பானத்தை முதலிலும் அழுத்தமான மணமுள்ளதைப் பின்னரும் ஓடவிட்டு, இடையில் குழாய்களைக் கழுவ வேண்டிய தடவைகளைக் குறைப்பது என்று ஒவ்வொன்றும் நல்ல பொறியியல். டென்மார்க்கின் ஃபிரடெரிசியா நகரில் கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் 2021-ல் தன் பீர் ஆலையில் திறந்த மறுசுழற்சி நிலையம், உற்பத்திப் பணிகளில் பயன்பட்ட நீரில் 90 விழுக்காட்டை மீண்டும் பயன்படுத்தவும், ஒரு லிட்டர் பீருக்கு 2.9 லிட்டராக இருந்த நீர்ச்செலவை 1.4 லிட்டராகக் குறைக்கவும் அமைக்கப்பட்டது. தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது போதிய சான்று.

ஆனால் அத்தகைய முதலீட்டைப் பெரும்பாலான ஆலைகள் ஏன் செய்வதில்லை என்று பார்த்தால், நீரின் விலையில்தான் வந்து நிற்போம். கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்கு வழங்கப்பட்டதாக, அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த காலத்தில் செய்திகள் வெளிவந்தன. அதாவது ஒரு லிட்டர் நான்கு காசுக்கும் குறைவு. சொந்த ஆழ்குழாய்க் கிணறு என்றால் மின்கட்டணத்துக்கு மேல் பெரிதாகச் செலவே இல்லை. இந்த விலையை வைத்துக் கணக்குப் போடும் எந்த நிதி மேலாளரும் மறுசுழற்சி நிலையத்துக்குக் கையொப்பமிட மாட்டார். ஆகவே உங்கள் நிர்வாகம் முதலில் தனக்குள் ஒரு விலையை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். ஆலையிலிருந்து கழிவாக வெளியேறும் ஒரு லிட்டர், ஏற்கெனவே இறைக்கப்பட்டது, கடினத்தன்மை நீக்கப்பட்டது, சவ்வு வழியே வடிகட்டப்பட்டது, பலவேளை சூடாக்கப்பட்டது. வெளியேறும் முன் மீண்டும் சுத்திகரிக்கப்பட வேண்டியது. இந்தச் செலவுகளைக் கூட்டினாலே அது வாங்கிய விலையைப் போலப் பல மடங்காகிவிடும். இவற்றோடு, ஊர்க் கிணறு வற்றி ஆலை நின்றுபோனால் ஏற்படும் இழப்பையும் சேர்க்க வேண்டும். அது வெறும் கற்பனை இழப்பாகாது என்பதைத்தான் பிளாச்சிமடா காட்டியது.

பாலக்காடு மாவட்டம், சிற்றூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது அந்த ஊர். பொள்ளாச்சிக்குப் பக்கம், தமிழ் பேசும் மக்கள் நிறைந்த எல்லைப்புறம், கேரளத்தின் மற்ற பகுதிகளைப் போல மழை கொட்டும் இடமும் அல்ல. 34 ஏக்கர் நிலத்தில் கொக்கோகோலாவின் ஆலை 2000-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளுக்குள் சுற்றியிருந்த கிணறுகளில் நீர் தாழ்ந்தது. எஞ்சிய நீர் உப்பும் கடினமும் ஏறி, சமைக்கவும் குடிக்கவும் உதவாததாயிற்று. ஆலை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவுச் சேற்றில் காட்மியமும் ஈயமும் இருந்ததை 2003-ல் பிபிசி வானொலி வெளிக்கொணர்ந்தது. 2002 ஏப்ரலில் எரவாளர், மலசர் பழங்குடி மக்கள் ஆலை வாயிலின் எதிரே போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் முகமாக விளங்கிய மயிலம்மா, குடங்களோடு நெடுந்தூரம் நடக்க வேண்டிவந்த பெண்களில் ஒருவர். 2003-ல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பின்னர் திறக்கவே இல்லை.

இந்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகளையும் உங்கள் நிர்வாகத்தினர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2003 டிசம்பரில் நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றார். 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் பயிர் செய்ய வழக்கமாக எவ்வளவு இறைப்பாரோ அவ்வளவுக்கே ஆலைக்கும் உரிமை உண்டு என்று அவர் வகுத்த அளவுகோல், என் பார்வையில், இந்தத் துறையில் இதுவரை சொல்லப்பட்டவற்றுள் மிகவும் நியாயமானது. அக்கம்பக்கத்தாரின் அளவுக்கு மேல் எடுக்காதே என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் அது சொல்லிவிடுகிறது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், நில உடைமையாளருக்கு நீர் எடுக்கும் உரிமை உண்டு என்ற பழைய நிலைக்குத் திரும்பி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது. 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்திலிருந்து வரும் பார்வை அது. ஏற்றமும் மாடு பூட்டிய கவலையும் கொண்டு இறைத்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். சட்டப்படி வென்றும் அந்த நிறுவனத்தால் ஆலையைத் திறக்க முடியவில்லை என்பதை உங்கள் மேலாளர்கள் கவனிக்க வேண்டும். கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் 216.26 கோடி ரூபாய் சேதம் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்றும் நியாயம் வந்துசேரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இங்கே உங்கள் கண்மாய்க்கு வருகிறேன். 2007-ல் கொக்கோகோலா நிறுவனம், தன் பானங்களுக்கும் அவற்றின் உற்பத்திக்கும் பயன்படுத்தும் நீர் முழுவதையும் இயற்கைக்குத் திருப்பி அளிப்பதாக அறிவித்து, 2020-ஐ இலக்காக வைத்து, 2015-லேயே அதை எட்டிவிட்டதாகக் கூறியது. பல நாடுகளில் காடு வளர்ப்பு, தடுப்பணை, குடிநீர்த் திட்டங்கள் என்று செய்தவற்றைக் கூட்டி எடுத்த மொத்தக் கணக்கு அது. அவற்றுள் நல்ல திட்டங்கள் உண்டு. ஆனால் ஓர் ஊரில் எடுத்த நீருக்கு வேறோர் ஊரில் சேர்த்த நீர் ஈடாகாது. தமிழகத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதன் கீழே ஓடும் விரிசல்களிலும்தான் நீர் தங்குகிறது. ஒரு கண்மாயின் ஊற்று எந்தக் கிணற்றுக்குப் போகிறது, எதற்குப் போவதில்லை என்பது அந்த விரிசல்களைப் பொறுத்தது. நீங்கள் தூர்வாரிய கண்மாய் உங்கள் ஆழ்குழாய்கள் இழுக்கும் அதே நீர்த்தாங்கியை நிரப்புகிறதா? வரத்துக்கால் திறந்திருக்கிறதா? மடையையும் கலிங்கையும் யார் பராமரிக்கிறார்கள்? இவற்றுக்கு விடையில்லாமல் அதை வரவில் எழுதக் கூடாது.

ராஜஸ்தானின் காலாடேரா இதைவிடக் கசப்பான பாடம். 1998-லேயே நிலத்தடி நீர் அளவுக்கு மிஞ்சிச் சுரண்டப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பகுதியில் அதன்பிறகு கொக்கோகோலாவின் ஆலை வந்தது. அந்நிறுவனமே பணம் கொடுத்து டெரி ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த ஆய்வு, 2008-ல், வேறிடத்திலிருந்து நீர் கொண்டுவருவது, மழைக்கால நீரைச் சேமித்துவைப்பது, ஆலையை இடம் மாற்றுவது, இல்லையேல் மூடுவது ஆகிய வழிகளைச் சொன்னது. ஆயினும் ஆலை 2016 வரை ஓடியது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஒரு பான நிறுவனம் நீர் குறித்து எடுக்கும் மிகப் பெரிய முடிவு; அதில் தவறியபின் ஆலைக்குள் செய்யும் எந்தச் சிக்கனமும் அந்தத் தவறை முழுதாக ஈடுகட்டாது.

ஆற்று நீரிலும் இதே கேள்வி உண்டு. தாமிரபரணி வழக்கில் 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் அதை நீக்கியது. உபரி நீர்தான் ஆலைகளுக்குத் தரப்படுகிறது என்பது அரசுத் தரப்பு வாதம். அந்த 2016-ல்தான் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் அரசே வறட்சி மாநிலமாக அறிவித்தது. உபரி என்பது ஆண்டுதோறும், மாதந்தோறும் மாறும் அளவு. ஒப்பந்தத்தில் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடக் கூடியதாக அதை வைக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆலைச் சுவருக்குள் செலவாகும் இரண்டு மூன்று லிட்டர், பானத்தின் மொத்த நீர்ச்செலவில் மிகச் சிறு பகுதி. கரும்புக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை நீர் தேவை. 2,000 என்று வைத்தால், மழையும் பாசனமும் சேர்த்து, ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 40 டன் கரும்பு, அதில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை என்று கொண்டால், ஒரு கிலோ சர்க்கரைக்கு 2,000 லிட்டர் ஆகிறது. கோலா வகைப் பானம் ஒரு லிட்டரில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதால், சர்க்கரை வழியே மட்டும் 200 லிட்டர் நீர் அதற்குள் வந்துவிடுகிறது. உங்கள் நிறுவனம் எந்த ஆலையின் சர்க்கரையை வாங்குகிறது, அந்த ஆலைக்குக் கரும்பு கொடுப்பவர்கள் வாய்க்கால் பாசனமா சொட்டுநீரா, தோகையை எரிக்கிறார்களா மூடாக்காகப் பரப்புகிறார்களா என்று கேட்டு, நீர் குறைவாகச் செலவிடுவோருக்குக் கூடுதல் விலை தர முன்வந்தால், பாட்டில் கழுவும் இயந்திரத்தில் மிச்சப்படுத்துவதைவிடப் பல மடங்கு நீர் மிஞ்சும். சர்க்கரையைக் குறைப்பதும் நீரைச் சேமிப்பதே.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். ஆலையைச் சுற்றியுள்ள திறந்தவெளிக் கிணறுகளில் சிலவற்றை ஊராரோடு சேர்ந்து தேர்ந்தெடுத்து, மாதமொரு முறை நீர்மட்டத்தை அவர்கள் முன்னிலையிலேயே அளந்து, உங்கள் ஆழ்குழாய் மீட்டர் காட்டும் அளவோடு சேர்த்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுங்கள். மட்டம் இன்ன அளவுக்குக் கீழே போனால் இறைப்பதைப் பாதியாக்குவோம், இன்னும் கீழே போனால் நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். கோடையில்தான் குளிர்பானம் அதிகம் விற்கும், கோடையில்தான் கிணறு வற்றும் என்பதால், இதற்கு விலை உண்டு. அந்த விலையை ஏற்க உங்கள் நிறுவனம் தயாரா என்பதே நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கான விடை. தமிழகத்தில் உலக நீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூட வேண்டும் என்று 2022 முதல் ஏற்பாடு இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு உங்கள் மேலாளர் மீட்டர்க் கணக்கோடு போய் அமர்ந்து, கேட்கப்படும் எல்லாவற்றுக்கும் விடை சொல்லட்டும். முதல் ஆண்டு கடுமையான வார்த்தைகளைக் கேட்க நேரிடும். அதற்காக அடுத்த ஆண்டு போகாமல் இருந்துவிட வேண்டாம்.

அன்புடன்