இரண்டு ஒலிவியாக்களை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: 'ஃபிரிஞ்ச்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில், நம் உலகில் ஒருவரும் அதற்கு இணையான மற்றோர் உலகில் ஒருவருமாக வரும் இரண்டு ஒலிவியா டன்ஹம்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். வேற்றுமைகளைப் பட்டியலிட்டால் பக்கம் நிரம்புகிறதே தவிர, கருத்து எதுவும் பிறக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பட்டியலைச் சற்று ஒதுக்கி வையுங்கள். தலைமுடியின் நிறம், உடை, சிரிப்பு எல்லாம் நடிகை அன்னா டோர்வ் இருவரையும் நாம் பிரித்தறிவதற்காகத் தரும் அடையாளங்கள். அவை கண்ணுக்கு உதவும், வாதத்திற்குப் போதா. வாழ்க்கை எந்த இடத்தில் பிரிந்தது, அந்தப் பிரிவு பின்னாளில் எந்தச் செயலில் தெரிகிறது என்ற இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதுதான் கட்டுரைக்கு உயிர் வரும். இவ்வுலக ஒலிவியா சிறுமியாக இருந்தபோதே ஜாக்சன்வில்லில் கார்டெக்ஸிஃபான் மருந்துச் சோதனைக்கு உள்ளானவர், தாயை இழந்தவர், ஆனால் தங்கை ரேச்சல் உயிரோடிருக்கிறார். அவ்வுலக ஒலிவியாவுக்குத் தாய் இருக்கிறார், ரேச்சலோ பிரசவத்தில் இறந்துவிட்டார். ஆகவே, ஒருவர் இழந்தவர், மற்றவர் இழக்காதவர் என்று எழுதினால் தவறாகிவிடும். இழந்தது எதை என்பதே வேறுபாடு.

உங்கள் அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும் என நினைக்கிறேன். நான்காக்குங்கள்: ஒவ்வொருவரும் தம் உலகில் எப்படி, மற்றவர் உலகில் எப்படி. 2010-இல் தொடங்கிய மூன்றாம் சீசனில் இவ்வுலக ஒலிவியாவுக்கு மற்றவருடைய நினைவுகள் புகுத்தப்பட்டு, தாமே அவ்வுலகத்தவர் என்று நம்பும் நிலை வருகிறது. அதே வேளையில் அவ்வுலகத்தவர் இங்கே வந்து, இவராக நடித்து, இவருடன் பணியாற்றும் பீட்டருடன் பழகுகிறார். எழுத்தாளர்களே நமக்காகச் செய்து வைத்த சோதனை இது. அந்த சீசனின் மூன்றாம் அத்தியாயத்தை மீண்டும் பாருங்கள். எதையும் முன்கூட்டியே கணித்துவிடும் ஒருவன், துரத்திவரும் ஒலிவியா காற்றுக் குறைந்த இடத்தில் ஆக்சிஜனுக்காக நின்றாக வேண்டும் என்று கணக்கிட்டுப் பொறி வைக்கிறான். இவரோ நிற்காமல் ஓடிவிடுகிறார். அவ்வுலகத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அந்த விதிமுறை இவருக்குத் தெரியாது. நினைவை மாற்ற முடிந்தது, பழக்கத்தை மாற்ற முடியவில்லை. என் கணிப்பில், தொடர் முழுவதிலும் இதைவிடத் துல்லியமான ஒப்பீடு இல்லை. நான் எழுதினால் இந்தக் காட்சியிலிருந்தே தொடங்குவேன்.

நல்லவர், கெட்டவர் என்ற பிரிவைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது ஏன் பொருந்தாது என்பதற்கு ஜான் நோபிள் நடித்த, பீட்டரின் தந்தையாக ஒவ்வோர் உலகிலும் வரும் விஞ்ஞானியான இரண்டு வால்டர் பிஷப்களே சான்று. 1985-இல் தம் மகனை இழந்த இவ்வுலக வால்டர், அவ்வுலகச் சிறுவன் பீட்டரைக் கொண்டுவந்து தம்மிடமே வைத்துக்கொண்டார். குழந்தைகள்மீது மருந்தைச் சோதித்தவரும் இவரே. மகனைப் பறிகொடுத்து, நம் உலகையே அழிக்கத் துணிந்த அவ்வுலக வால்டரோ, குழந்தைகளைச் சோதனைக்கு உட்படுத்த மறுக்கிறார்.

நான்காம் சீசனில் வரும் ஒலிவியாவை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். அவர் இன்னோர் உலகத்தவர் அல்லர். பீட்டர் சிறுவயதிலேயே இறந்துபோனதாக மாற்றி எழுதப்பட்ட காலவரிசையில் வளர்ந்தவர். அவரையும் இங்கே கலந்தால், எந்த வேறுபாடு உலகத்தால் வந்தது, எது காலத்தால் வந்தது என்று உங்களாலேயே பிரிக்க முடியாமல் போய்விடும்.