இயான் போத்தம்: சில கேள்விகள், என் பதில்கள்

இங்கிலாந்து ஆல்ரவுண்டர் இயான் போத்தமைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: போத்தம் என்றாலே 1981 ஆஷஸ் தொடரைத்தான் (இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் டெஸ்ட் தொடர்) எல்லோரும் பேசுகிறார்கள். அவருடைய ஆட்டத்தின் உச்சம் அதுதானா?

உச்சம் அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதே என் கருத்து. 1977 ஜூலையில் நாட்டிங்ஹாமில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்டில் களமிறங்கிய அவர், 74 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். முதல் விக்கெட்டே ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சேப்பல். அப்போது அவருக்கு வயது 21. ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் என்ற இரட்டை இலக்கை 21 டெஸ்டுகளில் எட்டி, நம் வினு மன்கட் 23 டெஸ்டுகளில் படைத்திருந்த சாதனையை 1979-இல் முறியடித்தார். முதல் 25 டெஸ்டுகளில் 139 விக்கெட்டுகள், ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி பத்தொன்பதுக்கும் கீழ்.

அந்த நாள்களில் அவர் உடல் மெலிந்திருந்தது. தோளைப் பக்கவாட்டில் நன்றாகத் திருப்பி வீசியதால், பந்து மட்டையாளரை நெருங்கிய பிறகே வெளியே வளைந்தது. 1980-இல் முதுகு தொல்லை கொடுக்கத் தொடங்கியது, எடையும் கூடியது. அந்த வளைவு பிறகு முழுமையாகத் திரும்பவில்லை. பிற்கால விக்கெட்டுகளில் பலவற்றை அவர் துணிச்சலாலும், மட்டையாளரை ஏமாற்றும் தந்திரத்தாலும், தன் பெயருக்கு எதிரணியில் இருந்த அச்சத்தாலும் எடுத்தார். மட்டையைச் சுழற்றும் போத்தமின் படங்களே அதிகம் பரவியதால், அவர் முதலில் ஒரு தேர்ந்த ஸ்விங் பந்துவீச்சாளர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு எதிராக அவர் எப்படி ஆடினார்? மும்பை டெஸ்ட் ஒன்றைப் பெரியவர்கள் குறிப்பிடுவார்கள்.

1980 பிப்ரவரியில் வான்கடே மைதானத்தில், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவுக்காக நடந்த ஒரே டெஸ்ட் அது. முதல் இன்னிங்சில் 58 ரன்களுக்கு 6 விக்கெட், இரண்டாவதில் 48 ரன்களுக்கு 7 விக்கெட், நடுவில் 114 ரன்கள். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டுகளும் எடுத்த முதல் ஆண் வீரர் அவர்தான். இங்கிலாந்து 58 ரன்களுக்கு 5 விக்கெட்டை இழந்து தடுமாறியபோது, அவரும் விக்கெட் கீப்பர் பாப் டெய்லரும் 171 ரன்கள் சேர்த்தார்கள். அந்தக் கூட்டணியின் நடுவே டெய்லருக்கு நடுவர் கேட்ச் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய நம் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். அந்தப் பெருந்தன்மைக்கு நாம் கொடுத்த விலை பத்து விக்கெட் தோல்வி. என்றாலும், விஸ்வநாத் செய்தது தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இந்தியாவுக்கு எதிராக 14 டெஸ்டுகளில் 5 சதங்கள், சராசரி எழுபதுக்கும் மேல். அவருடைய மிக உயர்ந்த ஸ்கோரான 208-உம் 1982-இல் ஓவல் மைதானத்தில் நமக்கு எதிராக அடித்ததே.

கேள்வி: இவ்வளவு பெரிய வீரர் கேப்டனாக ஏன் தோற்றார்?

24 வயதில், இருந்தவர்களிலேயே சிறந்த வீரர் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுப்பைத் தலையில் ஏற்றினார்கள். 12 டெஸ்டுகளில் ஒரு வெற்றிகூட இல்லை. 4 தோல்வி, 8 டிரா. ஆனால் அவற்றில் 9 ஆட்டங்கள் அன்றைய மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரானவை. அந்த அணியிடம் யார்தான் வென்றார்கள்? 1981 கரீபியன் பயணத்தின்போது உதவி மேலாளர் கென் பாரிங்டன் பார்படாஸில் மாரடைப்பால் இறந்தது அணியையே உலுக்கியது. இருந்தாலும், கேப்டனாக அவருடைய மட்டையாட்டச் சராசரி பதின்மூன்றை ஒட்டியே நின்றதற்கு எதிரணியை மட்டும் காரணம் காட்ட முடியாது. 1981 ஜூலையில் லார்ட்ஸில் இரு இன்னிங்சிலும் டக் அவுட் ஆகித் திரும்பியபோது, பெவிலியனில் இருந்த உறுப்பினர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த டெஸ்ட் முடிந்ததும் அவர் விலகினார்.

கேள்வி: அவர் விலகிய அடுத்த டெஸ்டிலேயே ஹெடிங்லி மைதானத்தில் அதிசயம். அது வெறும் அதிர்ஷ்டம் என்று என் நண்பர் வாதிடுகிறார்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியா 401, இங்கிலாந்து 174, உடனே மீண்டும் மட்டை பிடிக்க வேண்டிய பாலோ-ஆன் நிலை. இரண்டாவது இன்னிங்சில் 135 ரன்களுக்கு 7 விக்கெட் விழுந்தபோது, இன்னிங்ஸ் தோல்வியைத் தவிர்க்கவே இன்னும் 92 ரன்கள் தேவைப்பட்டன. இங்கிலாந்தின் வெற்றிக்கு 500-க்கு 1 என்று பந்தய நிறுவனம் விகிதம் அறிவித்திருந்தது. அந்த நிலையில் இழப்பதற்கு எதுவும் இல்லாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசியதைப் போலத்தான் பல அடிகள் இருந்தன. மட்டையின் விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப் வீரர்களின் தலைக்கு மேலே பறந்ததும் உண்மை. ஆனால் 148 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 149 ரன்களை யாரும் அதிர்ஷ்டத்தால் மட்டும் எடுத்துவிட முடியாது. அதே டெஸ்டில் அவர் ஏற்கெனவே 95 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்திருந்தார், முதல் இன்னிங்சில் 50 ரன்களும் அடித்திருந்தார். இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எட்டாவது விக்கெட்டுக்கு அவருடன் 117 ரன்கள் சேர்த்த பந்துவீச்சாளர் கிரஹாம் டில்லி 56 அடித்தார். 130 என்ற இலக்கை நோக்கி 1 விக்கெட்டுக்கு 56 என்று நிம்மதியாகச் சென்ற ஆஸ்திரேலியாவை 111-இல் சுருட்டியது இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் பாப் வில்லிஸின் 43-க்கு 8. பத்திரிகைகள் போத்தமின் ஆட்டம் என்று எழுதின. ஆட்டத்தை முடித்தவர் வில்லிஸ்.

கேள்வி: மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் ஒரு சதம்கூட அடிக்கவில்லை என்கிறார்களே?

உண்மைதான். 20 டெஸ்டுகளில் சதம் இல்லை, சராசரி 21. லார்ட்ஸில் 1984-இல் அடித்த 81 ரன்களும், அதே ஆட்டத்தில் 103-க்கு எடுத்த 8 விக்கெட்டுகளும் நல்ல விதிவிலக்கு. மற்றபடி, அவரை மிகப் பெரியவர்களின் வரிசையில் வைக்கத் தயங்குபவர்களிடம் இருக்கும் வலுவான ஆதாரம் இதுதான்.

கேள்வி: பாகிஸ்தானின் இம்ரான் கான், நம் கபில் தேவ், நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி, போத்தம் ஆகிய நால்வரில் முதலிடம் யாருக்கு?

முழு வாழ்க்கையையும் எடைபோட்டால் இம்ரானுக்கு. மட்டையில் 37-க்கும் மேல், பந்தில் 23-க்கும் கீழ் (பந்துவீச்சில் குறைவாக இருப்பதே நல்லது) என்ற சராசரிகளுக்கு அருகில் போத்தமின் 33-உம் 28-உம் வர முடியாது. பந்துவீச்சு மட்டும் என்றால் ஹாட்லி. ஆனால் 1977 முதல் 1982 வரையிலான ஆண்டுகளை மட்டும் கேட்டால், போத்தமுக்கு அருகில் யாரும் இல்லை. ஸ்லிப்பில் நின்று பிடித்த கேட்சுகளையும் சேர்க்க வேண்டும்: 102 டெஸ்டுகளில் 120. கபிலைக் குறைத்துச் சொன்னேன் என்று கோபிக்க வேண்டாம். நம் ஊர் ஆடுகளங்களிலும் வேகப்பந்து வீசி, மொத்தம் 434 விக்கெட்டுகள் எடுத்தவரை வேறு தராசில்தான் நிறுக்க வேண்டும்.

கேள்வி: போதைப்பொருள் சர்ச்சை, நடைப்பயணம் இரண்டும் ஒரே மனிதருக்கு எப்படிப் பொருந்துகின்றன?

இரண்டும் சில மாத இடைவெளியில் நடந்தவை. சாமர்செட் கவுண்டி (மாவட்ட) அணிக்கு ஆடிய தொடக்கக் காலத்தில் டான்டன் நகர மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்ததிலிருந்து அந்த நோய் பற்றிய ஆய்வுக்கு நிதி திரட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 1985 இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்தின் வட முனையிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனை வரை நடந்தார்; பிறகு யானைகளுடன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது உட்படப் பல நடைகள். அடுத்த ஆண்டே, முன்பு கஞ்சா புகைத்ததுண்டு என்று ஒரு ஞாயிறு இதழில் அவரே ஒப்புக்கொண்டதால், இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் ஏறக்குறைய இரண்டு மாதம் தடை விதித்தது. அந்தக் கோடையில் அவர் இல்லாத இங்கிலாந்தை இந்தியா 2-0 என வென்றது. தடை முடிந்து ஓவலில் நியூசிலாந்துக்கு எதிராக வீசிய முதல் பந்திலேயே விக்கெட் எடுத்து ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லியின் 355 டெஸ்ட் விக்கெட்டுகள் என்ற உலக சாதனையைச் சமன் செய்தார், சிறிது நேரத்தில் அதைத் தாண்டவும் செய்தார்.

அவரைத் தூக்கி வைத்ததும் பத்திரிகைகளே, துரத்தியதும் அவையே. ஆனால் தீனி போட்டவர் போத்தம்தான். பாகிஸ்தானுக்கு மாமியாரைத்தான் அனுப்ப வேண்டும் என்று 1984-இல் சொல்லி அபராதம் கட்டியதை நகைச்சுவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1992 உலகக் கோப்பை இறுதியில் அதே பாகிஸ்தானிடம் டக் அவுட் ஆனார்.

கேள்வி: கால்பந்தும் ஆடினாராமே?

ஆம். ஸ்கன்தார்ப் யுனைடெட் அணிக்காக லீக் ஆட்டங்களில் 11 முறை.

கேள்வி: சாமர்செட்டை விட்டு ஏன் போனார்?

1986-இல் மேற்கிந்தியத் தீவுகளின் விவ் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் அந்த நிர்வாகம் வேண்டாம் என்றது. இளமையிலிருந்தே உடன் ஆடிய நண்பர்களுக்காக போத்தமும் வெளியேறி வூஸ்டர்ஷயரில் சேர்ந்தார். அந்த அணி 1988, 1989 இரு ஆண்டுகளிலும் கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்றது. கணக்குப் பார்க்காமல் நட்பின் பக்கம் நின்ற இந்த முடிவு எனக்குப் பிடித்தமானது.

கேள்வி: பழைய ஒளிப்பதிவில் ஒரே ஒரு பகுதியைப் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்க்கலாம்?

ஹெடிங்லியை விடுங்கள், அடுத்த டெஸ்டைப் பாருங்கள். எட்ஜ்பாஸ்டனில் 151 ரன்கள் தேவைப்பட்ட ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 114 என்று இருந்தது. பந்துவீச போத்தமுக்கே மனமில்லை. வேறு யாரையாவது அழைக்கலாமே என்றார், கேப்டன் மைக் பிரியர்லிதான் விடவில்லை. அடுத்த 28 பந்துகளில் 1 ரன் கொடுத்து 5 விக்கெட். நேராக, வேகமாக, ஸ்டம்பை நோக்கி வீசினார். கடைசியாக டெர்ரி ஆல்டர்மனின் ஸ்டம்புகள் சிதறின, ஆஸ்திரேலியா 121.